ஒரு துளிக்கும் கணக்கு உண்டு



சில ஆண்டுகளுக்கு முன், ஆடி மாதத்து இரவு ஒன்று. நீலகிரியில் ஆடிச் சாரல் எப்படி இருக்கும் என்பதை மலைவாழ் மக்களுக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பங்கு இல்லத்துத் தொலைபேசி ஒலித்தது. "சாமி, மகளுக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவம் ஆகிவிட்டது. பிள்ளை தங்குமோ தங்காதோ தெரியவில்லை. வந்து ஞானஸ்நானம் கொடுத்துவிடுங்கள்" என்று ஒரு குரல் தழுதழுத்தது. தேயிலைத் தோட்டத்தில் முப்பது ஆண்டு கொழுந்து பறித்த மூதாட்டியின் குரல் அது.

மருத்துவமனையை அடைந்தோம். கைகளை நன்றாகக் கழுவச் சொன்னார்கள். மேலங்கி ஒன்றைத் தந்தார்கள். வெப்பம் காக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் கையகல உயிரொன்று கிடந்தது. எடை 1 கிலோ 200 கிராம். மூக்கின் வழியே மெல்லியதொரு குழாய். சிறு கரண்டியால் சில துளித் தண்ணீரை அதன் நெற்றியில் ஊற்றித் திருமுழுக்கு அளித்தோம். கடமை முடிந்தது என்ற எண்ணத்தோடு வெளியே வந்தோம்.

நடைவழியில், சுவரைப் பார்த்துத் திரும்பி, சால்வையைப் போர்த்திக்கொண்டு அந்தக் குழந்தையின் தாய் அமர்ந்திருந்தாள். கையில் சிறியதோர் எவர்சில்வர் கிண்ணம். நம்மைக் கண்டதும் அதைச் சால்வைக்குள் மறைத்தாள். தாய்ப்பாலைப் பீச்சி எடுக்க முயன்றுகொண்டிருந்தாள் என்பது புரிந்தது. "ஒன்றும் வரவில்லை சாமி" என்று விம்மினாள். நமக்கு மனம் இளகிவிட்டது. "உடம்பை வருத்திக்கொள்ளாதே அம்மா. வராததைப் பிழிந்து என்ன பயன்? டின் பால் கொடுப்பார்கள். நீ போய்ப் படுத்து ஓய்வெடு" என்றோம். ஆறுதல் சொல்லிவிட்டோம் என்ற நிறைவோடு படியிறங்கினோம்.

அங்கிருந்த செவிலியர் நம்மைப் பின்தொடர்ந்து வந்தார். "ஃபாதர், கோபித்துக்கொள்ளக் கூடாது. இரண்டு நாளாக நான் சொல்லிச் சொல்லி அந்தப் பெண்ணை உட்கார வைத்தேன். நீங்கள் ஒரே வார்த்தையில் எழுப்பிவிட்டீர்கள். அவள் கிண்ணத்தில் ஐந்து சொட்டு இருக்கிறது. இன்றைக்கு அந்தப் பிள்ளைக்கு அந்த ஐந்து சொட்டுதான் மருந்து" என்றார்.

குருமடத்தில் தத்துவமும் இறையியலும் பயின்ற நமக்கு, ஐந்து சொட்டுப் பாலின் மதிப்பை ஒரு செவிலியர் கற்பிக்க வேண்டியிருந்தது. திரும்பிச் சென்று அந்தத் தாயிடம், "நாம் சொன்னது தவறு அம்மா. சிஸ்டர் சொல்வதைக் கேள்" என்று சொல்லிவிட்டு வந்தோம். அன்று முதல் மருத்துவர்களிடமும் செவிலியர்களிடமும், எல்லாரையும்விட மேலாக, இதை அனுபவித்த தாய்மாரிடமும் கேட்டு அறிந்தவற்றையே இங்கு எழுதுகிறோம்.

முந்தி வந்த விருந்தாளி

முப்பத்தேழு வாரங்கள் நிறைவுறுமுன் பிறக்கும் குழந்தையைக் குறைமாதக் குழந்தை என்கிறது மருத்துவம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் இவ்வாறு பிறந்தன. பத்துக்கு ஒன்று எனலாம். அவற்றுள் சுமார் 30 இலட்சம் நம் இந்திய நாட்டில். ஆகவே இது யாரோ ஒருவர் வீட்டுத் துன்பம் அன்று. நம் பங்கில் பத்துத் திருமுழுக்கு நடந்தால், அதில் ஒரு குழந்தை இவ்வழியே வந்திருக்கக் கூடும்.

இக்குழந்தைகளுக்குப் பசி உண்டு; பாலை உறிஞ்சும் வலிமை இல்லை. உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சுவிடுதல் ஆகிய மூன்றையும் ஒழுங்காக இணைத்துச் செய்யும் திறன் சுமார் 34 வாரத்தில்தான் கைகூடும். அதுவரை மூக்கு அல்லது வாய் வழியாக இரைப்பைக்குள் செலுத்திய மெல்லிய குழாயில் பால் ஊட்டுகிறார்கள். சற்றுத் தேறியதும், பாலாடையால் புகட்டுகிறார்கள். நம் பாட்டிமார் வெள்ளியிலும் பித்தளையிலும் வைத்திருந்த அதே பாலாடைதான்! மருத்துவ நூல்களும் அதனைப் 'பாலாடை' என்ற நம் சொல்லாலேயே குறிக்கின்றன என்று அறிந்தபோது பெருமையாக இருந்தது.

குழாயில்தானே போகிறது, எந்தப் பாலானால் என்ன என்று கேட்கத் தோன்றும். இங்குதான் விஷயம் இருக்கிறது. முதிராத குடல் மிக மெல்லியது. அது அழற்சியுற்று அழுகும் கொடிய நோய் ஒன்று குறைமாதக் குழந்தைகளைத் தாக்குவதுண்டு. இங்கிலாந்தில் 926 குறைமாதக் குழந்தைகளை ஆராய்ந்து 1990-ஆம் ஆண்டு லான்செட் என்னும் மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. தாய்ப்பால் மட்டும் பெற்ற குழந்தைகளைவிட, மாவுப்பால் மட்டும் பெற்றவர்களிடம் இந்நோய் 6 முதல் 10 மடங்கு மிகுதியாகக் காணப்பட்டது என்பது அதன் முடிவு. இன்னுமொன்று: குறைமாதத்தில் பெற்றவளின் முதல் வாரங்களின் பாலில், நிறைமாதத்தில் பெற்றவளின் பாலைவிடப் புரதமும் நோய் எதிர்ப்புப் பொருள்களும் மிகுந்திருக்கின்றன. முந்தி வந்த விருந்தாளிக்கு ஏற்றபடி விருந்தும் தானே மாறி அமைகிறது. இறைவனின் ஏற்பாட்டை என்னவென்று சொல்வது!

சொட்டுச் சொட்டாய் ஒரு வேலை

"பால் தானாக ஊறும்" என்பது நம் வீடுகளில் வழங்கும் பேச்சு. குழந்தை மார்பில் வாய் வைத்துச் சப்பினால் ஊறும் என்பது உண்மை. சப்புவதற்குக் குழந்தை அருகில் இல்லாதபோது, அந்த வேலையைத் தாய் தன் கையால் செய்தாக வேண்டும். எடுக்க எடுக்கத்தான் ஊறும். எடுக்காமல் விட்டால், தேவையில்லை என்று உடல் எண்ணிக்கொண்டு சுரப்பைக் குறைத்துவிடும்.

செவிலியர் கற்பிக்கும் முறை இது. பிறந்த சில மணி நேரத்துக்குள்ளேயே தொடங்க வேண்டும். கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். கொதிநீரில் சுத்தம் செய்த கிண்ணம் வேண்டும். மார்பை மெல்ல நீவிவிட்டு, கரிய வட்டத்தின் ஓரத்தில் கட்டைவிரலை மேலும் மற்ற விரல்களைக் கீழும் வைத்து, முதலில் நெஞ்சை நோக்கிப் பின்னுக்கு அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்க வேண்டும். காம்பைப் பிடித்து இழுத்தால் வலியும் புண்ணுமே மிஞ்சும். இவ்வாறு ஒரு நாளைக்கு எட்டு முறையேனும், அதில் இரவில் ஒரு முறையேனும் செய்ய வேண்டும். பால் சுரக்கச் செய்யும் உட்சுரப்பு இரவில்தான் மிகுகிறது. ஒவ்வொரு முறைக்கும் இருபது, முப்பது நிமிடம் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு தாய் நாளொன்றுக்கு மூன்று, நான்கு மணி நேரம் இதற்கென்றே உட்காருகிறாள். அறுவைக் காயத்தின் வலியோடு, குழந்தையைக் குறித்த அச்சத்தோடு, கொட்டும் குளிரில்! இதை 'வேலை' என்று எத்தனை வீடுகளில் ஒப்புக்கொள்கிறோம்?

முதல் இரண்டு மூன்று நாள் வருவது மஞ்சள் நிறச் சீம்பால். அதுவும் சொட்டுக் கணக்குத்தான். அதைக் கண்டு தாய்மார் கலங்குகிறார்கள். கலங்க வேண்டியதில்லை. ஒரு கிலோ எடையுள்ள குழந்தைக்குத் தொடக்கத்தில் ஒரு வேளைக்கு ஒன்றிரண்டு மில்லிதான் கொடுக்கிறார்கள். நாம் கண்ட அந்த ஐந்து சொட்டையும் செவிலியர் ஊசியில்லாச் சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்து, குழந்தையின் கன்னத்தின் உட்புறம் தடவினார். ஒரு துளியும் வீணாகவில்லை. சிறு துளி பெரு வெள்ளம் என்று நம் முன்னோர் சொன்னது இந்தப் பாலுக்கும் பொருந்துகிறது.

பேருந்தில் போன மருந்து

தாய்மார் நம்மிடம் கூறியவற்றுள் மூன்றை, பெயர் சொல்லாமல் இங்கே தருகிறோம்.

முதலாவது, கூடலூர்ப் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி ஒருவர் குடும்பம். மனைவிக்கு உதகையில் அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். குழந்தைக்கு மூச்சுத் திணறல் கடுமையாகவே, ஆம்புலன்ஸில் கோவைக்கு அனுப்பினார்கள். தாய் மேலே, பிள்ளை கீழே. நடுவில் சுமார் 85 கிலோமீட்டர் மலைப்பாதை. ஐந்து நாள் அவளால் பயணம் செய்ய இயலவில்லை. அந்த ஐந்து நாளும் அவள் இரவெல்லாம் எடுத்த பாலை, மருத்துவமனை தந்த மூடியிட்ட குப்பிகளில் பெயரும் தேதியும் நேரமும் எழுதிக் குளிரப் பாதுகாத்தார்கள். கணவர் அதனை ஐஸ் கட்டி நிறைந்த ஃபிளாஸ்கில் வைத்து, விடியற்காலைப் பேருந்தில் கொண்டு சென்றார்.

கொண்டை ஊசி வளைவுகளில் ஃபிளாஸ்க் சாயாமல் மடியில் அணைத்தபடி இருந்தவரிடம், "என்னப்பா இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறாய்? தைலமா, தேனா?" என்று பக்கத்திலிருந்தவர் கேட்டிருக்கிறார். இவருக்குக் கூச்சம். "மருந்து" என்று சொல்லிவிட்டார். பிறகொரு நாள் பங்கு இல்லத்துக்கு வந்தபோது, "பொய் சொல்லிவிட்டேன் சாமி" என்றார். "நீ சொன்னது பொய்யே அன்று. அதைவிட உண்மையான சொல்லை நீ சொல்லியிருக்க முடியாது" என்றோம்.

இரண்டாவது, குன்னூரில் ஆசிரியைப் பணிபுரியும் சகோதரி. எடுத்த பாலை அன்றாடம் ஒரு நோட்டில் மில்லிக் கணக்கில் எழுதி வந்தார். ஏறி வந்த கணக்கு ஒன்பதாம் நாள் பாதியாய் இறங்கியது. "எங்கள் வீட்டில் யாருக்கும் பால் வற்றியதில்லை" என்று மாமியார் சொன்ன ஒரு வார்த்தை அவரை இரண்டு இரவு தூங்கவிடவில்லை. கவலையும் உறக்கமின்மையும் பால் இறங்குவதைத் தடுக்கும் என்பதை அந்த முதியவர் அறியார். அறிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார். மருத்துவர், குழந்தையை எடுத்துத் தாயின் வெறும் நெஞ்சின்மேல் தோலோடு தோலாகச் சேர்த்துத் துணியால் கட்டி வைத்தார். ஒரு மணி நேரத்துக்குள் ரவிக்கை நனைந்ததாம். "நானும் அழுதேன் ஃபாதர், பாலும் வந்தது" என்றார் அச்சகோதரி. பார்த்துக்கொண்டிருந்த மாமியாரும் கண் கலங்கினார். மறுநாள் முதல் மருமகளின் நோட்டில் கணக்கு எழுதியவர் அவரே!

கங்காருப் பராமரிப்பு என்று வழங்கும் இம்முறையை 1978-ஆம் ஆண்டு கொலம்பியா நாட்டுப் பொகோட்டா நகரில் எட்கர் ரேய் என்னும் குழந்தை மருத்துவர் தொடங்கினார். ஒரே வெப்பப் பெட்டியில் பல குழந்தைகளை வைக்க வேண்டிய வறுமையில் பிறந்த வழி அது. தில்லி சப்தர்ஜங் மருத்துவமனை உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. பிறந்த உடனேயே இவ்வாறு அணைத்து வைத்தால் குழந்தை இறப்பு 25 விழுக்காடு குறைகிறது என்று அது காட்டியது. உதகை போன்ற குளிர்ப் பிரதேசத்தில் தாயின் நெஞ்சைவிடச் சிறந்த கணப்பு எது? தந்தையும் இவ்வாறு அணைத்து வைக்கலாம் என்பதைத் தந்தையர் குறித்துக்கொள்வாராக.

மூன்றாவது தாயின் குழந்தை நான்காம் நாள் இறைவனிடம் சென்றுவிட்டது. அடக்கம் முடிந்து வந்த இரவு, மார்பில் பால் கட்டிக்கொண்டு வலித்தது. துக்கச் செய்தி அந்த உடலுக்கு இன்னும் எட்டவில்லை. அவள் குழந்தையை இழந்தது கோவையில். அங்கே தாய்ப்பால் வங்கி உண்டு. "என் பிள்ளைக்கு வைத்திருந்த பால். வேறொரு பிள்ளை குடிக்கட்டும்" என்று கொடுத்துவிட்டே ஊர் திரும்பினாள். நாம் கேட்ட பிரசங்கங்களிலும் செய்த பிரசங்கங்களிலும் இதற்கு ஈடானதை நினைத்துப் பார்க்க இயலவில்லை.

பிறர் பிள்ளைக்கும் ஒரு பங்கு

தாய்ப்பால் வங்கி என்பதைப் பலர் இப்போதுதான் கேள்விப்படக்கூடும். உலகின் முதல் தாய்ப்பால் வங்கி 1909-இல் வியன்னா நகரில் ஏற்பட்டது. ஆசியாவின் முதல் வங்கியை 1989-இல் மும்பை சயான் பகுதியிலுள்ள லோகமான்ய திலகர் மாநகராட்சி மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் அம்மையார் நிறுவினார். தமிழ்க் குடும்பங்கள் நிறைந்து வாழும் தாராவிக்கு அருகிலுள்ள மருத்துவமனை அது. தமிழ்நாட்டிலும் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உட்படப் பல அரசு மருத்துவமனைகளில் இவ்வங்கிகள் உள்ளன.

தன் குழந்தைக்குப் போக மிஞ்சும் பாலை ஒரு தாய் கொடுக்கலாம். முதலில் அவருடைய இரத்தத்தைச் சோதிக்கிறார்கள். பிறகு பாலை 62.5 டிகிரி வெப்பத்தில் 30 நிமிடம் வைத்துக் கிருமிகளை அழித்து, மீண்டும் சோதித்து, உறைநிலையில் காக்கிறார்கள். இது கொடை, வியாபாரம் அன்று. தாய்ப்பாலை விற்பதற்கு அனுமதி இல்லை என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2024-இல் தெளிவாக அறிவித்தது. சோதனையின்றி ஒருவர் பாலை மற்றொருவர் குழந்தைக்குக் கொடுப்பது நல்லெண்ணத்தால் செய்யப்பட்டாலும் ஆபத்தே.

இல்லத்தார் செய்ய வேண்டியவை

குறைமாதக் குழந்தையைக் காப்பது மருத்துவரின் வேலை என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். அந்தத் தாயின் பால், பாதி அவள் வீட்டாரின் கையில் இருக்கிறது. ஆகவே சிலவற்றை வெளிப்படையாகச் சொல்ல விரும்புகிறோம்.

சீம்பாலைக் 'கெட்ட பால்' என்று கீழே ஊற்றாதீர்கள். குறைமாதக் குழந்தையின் வாயில் சீனித் தண்ணீரோ, தேனோ, தெருவில் விற்கும் கழுதைப் பாலோ ஒரு சொட்டும் வைக்காதீர்கள். பச்சை உடம்புக்குத் தண்ணீர் ஆகாது என்று தாயைத் தாகத்தில் வாடவிடாதீர்கள். பத்தியம் என்ற பெயரில் பட்டினி போடாதீர்கள். பூண்டும் முருங்கைக் கீரையும் பால்சுறாவும் அன்போடு சமைத்துக் கொடுங்கள். ஆனால் அவற்றைத் தின்றும் பால் ஊறவில்லையே என்று குறை கூறாதீர்கள். எடுத்த பாலை எத்தனை மணி நேரம் வைக்கலாம், எங்கே வைக்கலாம் என்பதை உங்கள் மருத்துவமனைச் செவிலியர் சொல்லும்படியே செய்யுங்கள்.

கணவன்மாரே, இரவு இரண்டு மணிக்கு மனைவி எழும்போது நீங்களும் எழுந்து வெந்நீர் வைத்துக் கொடுங்கள். கிண்ணத்தைக் கழுவிக் கொடுங்கள். மூத்த பிள்ளைகளையும் அடுப்பையும் வேறொருவர் பார்த்துக்கொள்ளட்டும். பார்க்க வரும் உறவினர், "எவ்வளவு பால் வருகிறது?" என்று கேட்பதை விட்டு, ஒரு தூக்குச் சட்டியில் சோறு கொண்டுவரட்டும். கூச்சத்தைப் பற்றியும் ஒரு சொல்: மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் சிஸ்டைன் சிற்றாலயத்தில் திருமுழுக்கு வழிபாட்டின்போது, குழந்தை பசித்தால் அங்கேயே பாலூட்டத் தயங்க வேண்டாம் என்று தாய்மாரிடம் கூறினார். ஆலயத்தில் வெட்கம் இல்லையெனில் மருத்துவமனை நடைவழியில் எதற்கு?

வேலைக்குச் செல்லும் தாய்மாருக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டம் 12 வார மகப்பேற்று விடுமுறையே தந்தது. 2017-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் அது முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரங்களாக உயர்ந்தது. அந்த உரிமை இன்றும் உண்டு. ஆனால் அன்றாடக் கூலிக்குக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அந்த விடுமுறையைப் பெற்றுத் தருவார் யார்? குழந்தை மருத்துவமனையில் கிடக்க, கூலியை இழக்க அஞ்சித் தோட்டத்துக்குத் திரும்பும் தாயை நாம் கண்டிருக்கிறோம். அத்தகைய குடும்பத்துக்கு ஒரு மாத அரிசியும் பேருந்துச் செலவும் கொடுப்பது, நம் பங்கின் வின்சென்ட் தே பவுல் சபைக்கு இயலாத காரியமா?

இறுதியாக ஒன்று. எவ்வளவு முயன்றும் பால் போதாத தாய்மாரும் உண்டு. நோயால், மருந்தால், உடலமைப்பால் அவ்வாறு நேரலாம். வங்கிப் பாலோ, அது கிடைக்காதபோது மருத்துவர் எழுதித் தரும் மாவுப்பாலோ கொடுப்பதில் குற்றம் எதுவும் இல்லை. அவள் தாய்மையில் ஒரு துளியும் குறைந்துவிடவில்லை. தாயைப் பழிக்கும் நாவால் எந்தப் பிள்ளையும் வளர்ந்ததில்லை.

ஆடி இரவில் நாம் கண்ட அந்தக் குழந்தை இன்று மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் முன் வரிசையில் அமர்ந்து ஓயாமல் பேசுகிறாள். அவளைப் பார்க்கும்போதெல்லாம் சால்வைக்குள் மறைந்த கிண்ணம் நம் நினைவுக்கு வருகிறது. இப்போதும் இரவில் அழைப்பு வந்தால் தண்ணீரும் செபப் புத்தகமும் எடுத்துக்கொண்டு புறப்படுகிறோம். குழந்தைக்குத் திருமுழுக்கு அளித்ததும் வீடு திரும்பிவிடுவதில்லை. தாயைத் தேடிச் செல்கிறோம். "சாப்பிட்டாயா அம்மா? தண்ணீர் குடித்தாயா? இன்றைக்கு எத்தனை சொட்டு?" என்று கேட்கிறோம். ஐந்து என்று அவள் சொன்னால், "ஐந்தும் போய்ச் சேரும்" என்று சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறோம்.